அக்காவின் பேக்கலைட் கித்தார்

பேக்கலைட்டில் துளை போடும்போது ஒரு வாடை எழும். கருகிய மீனையும் ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்தையும் ஒன்றாகக் கலந்தாற்போன்ற வாடை. பதினான்கு வயதில், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியின் சமையலறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்த வாடையை எழுப்பியவன் நான். என் அக்காவின் கித்தாரில் துளை போட்டேன். அது விரிசல் விட்டது. விரிசலை மறைத்தேன். பிறகு அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டபோது பொய் சொன்னேன். கடைசியாகச் செய்ததுதான் பெரிய குற்றம் என்பது எனக்கு அப்போதே தெரியும். எழுதினால் தீரக்கூடிய குற்றம் இல்லை, இருந்தும் எழுதுகிறேன்.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்தார். "நேவல் பேஸ்" என்றுதான் வீட்டில் சொல்வோம். தாயகம் திரும்பும் வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்கள், கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைத் தளத்து ஊழியர்களிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மற்ற வீடுகளுக்கு மின்விசிறியும் சாய்வு நாற்காலியும் வந்து சேர்ந்த ஒரு மாதத்தில், எங்கள் அப்பா ஒரு நீளப் பெட்டியையும் அதற்குத் துணையாக முன்பக்கம் துணி போர்த்திய ஒலிபெருக்கி ஒன்றையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். பெட்டியைத் திறந்தால் உள்ளே நீல வெல்வெட் மெத்தை, அதில் முழுக்கக் கறுப்பாக ஒரு பொருள் படுத்துக் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, துணி தோய்க்கிற கட்டை மாதிரி இருக்கு" என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கித்தார் என்றால் இடுப்பு வளைந்த பெரிய மரக்கூடு என்று நினைத்திருந்த யாருக்கும் அது கித்தாராகத் தெரியாது. மொத்தமாக ஒரு கை நீளம். உடல் இரண்டு உள்ளங்கை அகலம். அந்தக் காலத்துத் தொலைபேசிகளைச் செய்த அதே கறுப்பு பேக்கலைட்டில் வார்த்தது. முகப்பில் பளபளவென்று ஐந்து குரோம் தகடுகள் பதித்திருந்தார்கள். கம்பிகள் ஓடும் வழியில் குதிரை லாடம் போல வளைந்த இரண்டு காந்தங்கள் எதிரெதிராக நின்று கம்பிகளை மேலும் கீழுமாக அணைத்திருந்தன. கம்பியின் நடுக்கத்தை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான். கழுத்து தனியாகச் செய்யப்பட்டு உடலோடு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் வெள்ளைக் கோடுகள். அதை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த எஃகுத் துண்டுக்கு "உருளை" என்று பெயர். வலது கை விரல்களில் தகர நகங்களை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும்.

"மடியில வச்சு வாசிக்கிறதும்மா" என்று அப்பா அக்காவிடம் சொன்னார். "அந்த வெள்ளைக்காரம்மா உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுனாங்க. வீணை மாதிரிதான். பொம்பளப் பிள்ளைக்கு அடக்கமா இருக்கும்."

நான் ஆவலோடு அருகில் போனேன். அப்பா என்னைப் பார்த்து, "உனக்கு இல்ல. நின்னுக்கிட்டு இடுப்பை ஆட்டுற வேலையெல்லாம் இந்த வீட்டுல ஆகாது" என்று முடித்துவிட்டார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. சிங்கப்பூர் முழுக்க இளைஞர்கள் மின்சாரக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறிய காலம். அப்பாவின் கண்ணில் கித்தார் இரண்டு வகை: நின்று வாசிப்பது, உட்கார்ந்து வாசிப்பது. முதல் வகை கெட்ட பழக்கம், இரண்டாவது குடும்பத்துக்கு ஆகும்.

சரோஜா அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வானொலியில் ஒரு பாட்டு வரும். அது முடிந்ததும் உருளையை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டைத் தேடிப் போவாள். இந்தக் கருவியில், வீணையில் இருப்பது போல, சுரத்துக்கென்று கட்டை வைத்த இடம் கிடையாது. வெள்ளைக் கோடுகள் வழிகாட்டுமே தவிரக் காப்பாற்றாது. உருளை ஒரு மயிரிழை முன்னே போனாலும் சுருதி ஏறிவிடும், பின்னே வந்தால் இறங்கிவிடும். வாசிப்பவரின் காது ஒன்றுதான் காவல். அக்காவுக்கு அந்தக் காது இருந்தது. மாலையில் விளக்கேற்றியபின் கூடத்துச் சன்னல் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும்போது, யாரோ தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவும், நாம் பதில் சொல்வதற்குள் அந்தக் குரல் வளைந்து வேறு பக்கம் போய்விடுவது போலவும் இருக்கும். எத்தனையோ கருவிகளைக் கேட்டுவிட்டேன். அப்படிக் கூப்பிட்ட ஒன்றை மறுபடி கேட்டதில்லை.

தெருவில் அதற்கு "அழுகுணி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கீழே துணிக்கடை வைத்திருந்த காதர் மாமா ஒருநாள் மாடியேறி வந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர், பகலில் கைலி விற்பார், மாலையில் ஆர்மோனியம் வாசிப்பார், கல்யாணங்களுக்குப் போகும் இசைக்குழு ஒன்றை நடத்திவந்தார்.

"அண்ணே, உங்க வீட்டுல அழுவுறது யாரு?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"யாரும் அழலையே, பாய்."

"உங்க மக மடியில ஒண்ணு கிடந்து அழுவுதே, அதைச் சொல்றேன். கடைக்கு வர்றவன் எவனும் துணியைப் பார்க்க மாட்டேங்குறான், அண்ணாந்து மாடியைப் பார்க்குறான். யாவாரம் கெட்டுப்போச்சு. பிள்ளைய என் குழுவுக்கு அனுப்பி நஷ்டத்தைச் சரிக்கட்டுங்க."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுக்க முடியவில்லை. கல்யாண மேடைகளில் ஆண்களுக்கு நடுவே, பட்டுப்புடவை கட்டி மடியில் கறுப்புக் கித்தாரோடு என் அக்கா உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். சனங்கள் அவளைப் பார்த்தார்கள். கம்பி மாட்டத் தெரியாத என்னை யாரும் பார்க்கவில்லை.

வகுப்பில் தனபால் என்றொருவன் ஒரு பேண்டு ஆரம்பித்திருந்தான். "டேய் மணியம், கித்தார் இருந்தா வா. இல்லன்னா சும்மா நின்னு கைதட்டு லா" என்பான். எங்கள் வீட்டில் மின்சாரக் கித்தார் இருக்கிறது என்றேன். "எது, உங்கக்கா மடியில வச்சு இஸ்திரி போடுதே, அதுவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரை மாட்டித் தோளில் தொங்கவிட்டால் அதுவும் மற்றக் கித்தார்களைப் போலத்தானே என்று எனக்குத் தோன்றியது. இன்று நினைத்தால் அவ்வளவு முட்டாள்தனமான எண்ணம் வேறு இருக்க முடியாது.

அக்காவும் அம்மாவும் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவின் கைத்துளைப்பானை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் போனேன். உடலும் கழுத்தும் சேரும் இடத்துக்குப் பின்பக்கம் துளையிட்டேன். வாடை எழுந்தது. வாரை மாட்டுவதற்காகத் துளைக்குள் மரத்துக்குப் போடும் திருகாணியை வைத்து முறுக்கினேன். பேக்கலைட் மரம் போல விட்டுக்கொடுக்காது. அது கண்ணாடிக்குத்தான் சொந்தம். கடைசிச் சுற்றில் "சடக்" என்று ஒரு சத்தம். துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கழுத்துப் பொருத்தை நோக்கி ஓடிப்போய் நின்றது.

அப்படியும் நான் நிறுத்தவில்லை. வாரை மாட்டி எழுந்து நின்று கம்பியை விரலால் அழுத்தினேன். கம்பி கழுத்தைத் தொடவே இல்லை. மடியில் கிடத்தி வாசிக்கும் கித்தாரில் கம்பிகளை வேண்டுமென்றே உயரத்தில் கட்டியிருப்பார்கள். உருளை தரை தட்டாமல் வழுக்குவதற்காக. விரல் வலிக்க அழுத்தியும் பயனில்லை. செய்த பாவத்துக்குக் கிடைக்க வேண்டிய அற்ப லாபம்கூடக் கிடைக்கவில்லை.

திருகாணியைக் கழற்றினேன். சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைத் துளையிலும் விரிசலிலும் தேய்த்து, காய்ந்தபின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் போடும் கறுப்புப் பாலீஷைப் பூசித் துணியால் மினுக்கினேன். கறுப்பின்மேல் கறுப்பு. கித்தார் மறுபடியும் நீல வெல்வெட்டில் படுத்துக்கொண்டது.

ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டேயிருக்கும். நல்ல பொருத்து அதைத் தாங்கும். விரிசல் விட்ட பொருத்து வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளக இளகச் சுருதி இறங்கும். அக்கா அதை உடனே கண்டுகொண்டாள். முடுக்கினாள், வாசித்தாள், நிறுத்தினாள், மறுபடி முடுக்கினாள். மழைக் குளிராக இருக்கும் என்றாள். சில நாள் கழித்து, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"தம்பி, இதைக் கேளு. சுதி இறங்குற மாதிரி இருக்கா உனக்கு?"

நன்றாகவே இறங்கியது. இசை தெரியாத எனக்கே கேட்டது. ஆமாம் என்றால் ஏன் என்று தேடுவாள். தேடினால் பாலீஷ் உரியும்.

"இல்லக்கா, சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"நிசமாவா?"

"உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு."

அவள் சிரிக்கவில்லை. காதை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டாள். அதன்பின் அடிக்கடி முடுக்குவதை விட்டுவிட்டாள்.

காதர் மாமாவின் குழுவை வானொலித் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேர்வு பெற்றால் மாதந்தோறும் நிகழ்ச்சி. அக்கா அதற்கு முந்தைய நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. மேடையில் உட்காரும் பெண் என்று யாரும் பார்க்கப் போவதில்லை, முகம் தெரியாத ஊரெல்லாம் கேட்கப்போகிறது என்பதுதான் அவளுடைய ஆசையே. தேர்வன்று நான் வழக்கம்போல ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வானொலி நிலையத்துச் சுவரோரம் நின்றேன். முதல் பாட்டு பரவாயில்லை. இரண்டாவது பாட்டில் கித்தாரின் முறை வந்தபோது கழுத்து நன்றாக இளகியிருக்க வேண்டும். ஆர்மோனியம் ஓரிடத்தில் நிற்க, கித்தார் அதற்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. தேர்வு செய்யக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்காவின் இடது கை ஒரு கணம் மேலே நகரப் பார்த்தது. தயங்கியது. கோட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

அவள் தன் காதை நம்பாமல் என் பேச்சை நம்பினாள் என்பதை அந்தத் தயக்கத்தில் கண்ணால் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

குழுவை எடுத்துக்கொள்வதாகவும் கித்தார் மட்டும் வேண்டாமென்றும் சொன்னார்கள். "பிள்ளைக்குச் சுருதி ஞானம் போதல" என்றார் கேட்டவர்களில் ஒருவர். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. காதர் மாமா வெளியே வந்து, "மகளே, அடுத்த தடவை பார்த்துக்கலாம். இந்த ஏசிக்குளிருல என் பல்லே சுதி சேரல" என்று தேற்றினார். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் கித்தாரைப் பெட்டியில் வைத்து மூடி என் பக்கம் தள்ளினாள்.

"நீ ஆசைப்பட்டியே, வச்சுக்கோடா. எனக்குக் காது இல்லியாம்."

அப்பா மட்டும், "விடும்மா, கல்யாண வயசுல இதெல்லாம் எதுக்கு" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது.

நாங்கள் கடைவீட்டைவிட்டு அடுக்குமாடிக்குப் போனோம். அக்கா கல்யாணமாகி ஈசூனுக்குப் போனாள். நான் படித்து, ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, இப்போது சுவா சூ காங்கில் இருக்கிறேன். எல்லா வீடுகளிலும் அந்தப் பெட்டி என் அலமாரியின் மேல் இருந்தது. நான் திறந்ததில்லை.

சென்ற ஆண்டு, அக்காவின் கொள்ளுப்பேரனைத் தொட்டிலில் போடும் விழா. எங்கள் வழக்கப்படி, வந்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராகத் தொட்டிலை ஆட்டி ஒரு வரியாவது பாட வேண்டும். அக்காவின் முறை வந்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்தாள், ஆட்டினாள், உதடுகளை மட்டும் அசைத்தாள். "பாட்டி, சத்தம் வரல!" என்று சிறுசுகள் கத்தின.

"எனக்குச் சுதி சேராதும்மா. சின்ன வயசுலயே ரேடியோக்காரங்க சொல்லிட்டாங்க" என்றாள், சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுவாரம் பெட்டியை இறக்கினேன். சிட்டி ஹால் பக்கத்தில் பழைய கட்டடமொன்றில் கித்தார் பழுதுபார்க்கும் சீன இளைஞனிடம் கொண்டுபோனேன். பொருத்தைக் கழற்றி, விரிசலுக்குள் பிசின் ஏற்றி, உள்ளே பித்தளைத் துண்டு வைத்துக் கட்டினான். வேலை முடியும்வரை, எங்கள் பழைய சந்து இருக்கும் லிட்டில் இந்தியாவில் நடந்தேன். எங்கள் கடைவீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. அக்கா உட்கார்ந்த சன்னலில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது. காதர் மாமாவின் கடையிருந்த இடத்தில் கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. மாமாவும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. நடந்ததைத் தெரிந்தவர்கள் என்று இந்த ஊரில் நானும் அக்காவும்தான். அவளுக்கும் பாதிதான் தெரியும்.

பெட்டியோடு ரயிலேறி ஈசூன் போனேன். அக்காவின் மகள் வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அக்கா, "இதை இன்னுமா வச்சிருக்கே?" என்று ஆச்சரியப்பட்டாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ரேடியோவுல சுதி இறங்குனது உன் தப்பு இல்ல. நான் இதுல ஓட்டை போட்டு உடைச்சிட்டேன். பாலீஷ் போட்டு மறைச்சேன். நீ கேட்டப்ப, எனக்கும் இறங்குறது கேட்டுச்சு. பொய் சொன்னேன்."

அவள் பெட்டியின் மூடியை விரலால் ஒருமுறை தடவினாள்.

"உடைச்சது சரிடா. சின்னப் பையன்" என்றாள். "அப்புறம் உனக்கு இருபது வயசாச்சு, நாப்பது வயசாச்சு. வசந்தி கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில உட்கார்ந்தே. எங்க வீட்டுக்காரரு செத்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. அப்பல்லாம் உனக்கு வாய் வரலையா?"

"வரலக்கா."

"வசந்திய நான் பாடித் தூங்க வச்சதே இல்ல, தெரியுமா? முதுகுல தட்டியே தூங்க வச்சேன். பிள்ளை காதுல தப்பான சுதி விழுந்துடக் கூடாதுன்னு."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ கிளம்பு" என்றாள்.

பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறே? அது என்னுது."

பல வாரங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. பழைய ஒலிபெருக்கி எப்போதோ செத்துவிட்டதால் புதிதாகச் சிறியதொன்றை வாங்கி அனுப்பினேன். வசந்தியே அதைச் சுவா சூ காங்குக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வேணாமாம், மாமா. அம்மா அது இல்லாமத்தான் வாசிக்கிறாங்க. மத்தியானத்துல."

"வாசிக்கிறாங்களா! ஒலிபெருக்கி இல்லாம அதுல சத்தமே வராதேம்மா. அறைக்கு அந்தப் பக்கம்கூடக் கேக்காது."

"அம்மாவுக்குக் கேக்குதாம்."

போன மாதம் ஒரு நாள், சொல்லாமலே போனேன். மரக்கதவு திறந்திருந்தது; இரும்புக் கம்பிக்கதவு மட்டும் பூட்டியிருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கித்தாரை மடியில் கிடத்தி, தலையை அதன்மேல் சாய்த்தாற்போல் குனிந்திருந்தாள். எண்பதை எட்டும் அந்தக் கையில் உருளை நழுவாமல் போய்வந்தது. ஓரிடத்தில் நின்றது, கொஞ்சம் மேலே நகர்ந்தது, அங்கேயே நிலைத்தது. கீழே பேருந்தின் இரைச்சல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, என் காதின் வயது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு சுரத்தையும் விட்டுவைக்கவில்லை. கதவுக் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்குதா?"

"இல்லக்கா. கேக்கல."

"சரி" என்றாள். கம்பிக்கதவின் சாவி அவள் பக்கத்து மேசையில் இருந்தது. அவள் மறுபடியும் குனிந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.